காபி சூடு

கிண்டர்புன்ஷ். கிண்டர்புன்ஷ். மறந்துவிடக் கூடாது. கிண்டல் என்று ஆரம்பித்துப் பஞ்சு என்று முடித்தால் வந்துவிடும், கிண்டல் பஞ்சு, ஐந்து கிண்டல் பஞ்சு, சின்னப் பிள்ளைங்க குடிக்கிறதும்மா, ஒயின் கலக்க மாட்டாங்க என்று இலக்கியா சொல்லித்தான் அனுப்பியிருக்கிறாள், ஆனால் அவள் சொல்கிற எதையும் இன்றைக்கு நான் நம்புவதாக இல்லை. பெற்ற மகள்தான். இருந்தாலும் காலையில் ஓட்டல் அறையில் இரண்டாவது சாக்ஸை இழுத்து மாட்டிக்கொண்டிருந்தபோது கதவு சரியாகச் சாத்தியிருக்கவில்லை, வெளியே அந்தப் பையன் கௌதம், "சொல்லிட்டியா?" என்று கேட்டது என் காதில் விழுந்தது. "இல்லடா. இன்னிக்குத்தான்." "பயமா இருக்கா?" "பின்ன இல்லாம? கத்துவாங்க." இன்னிக்குத்தான். அந்தச் சொல் சாக்ஸுக்குள் புகுந்த கல் மாதிரி காலையிலிருந்து என்னோடு நடந்து வருகிறது. கத்துவாங்களாம். நான் எப்போது கத்தினேன். ஸ்டுட்கார்ட்டில் வேலை கிடைத்திருக்கிறது என்று சொன்னபோது கத்தினேனா, திண்டுக்கல்லில் தனியாக ஜெராக்ஸ் கடையைத் திறந்து, தனியாக மூடி, தனியாக ஒரு டம்ளர் அரிசி களைந்து போடுகிறேனே, அதற்குக் கத்தினேனா. இந்த வியன்னா கிறிஸ்துமஸ் சந்தையில் பானக் கடை வரிசை நகரவில்லை. எனக்கு முன்னால் நிற்கிறவள் ஒரு நாயைக் கையில் பிடித்திருக்கிறாள், நாய்க்கும் கோட்டு போட்டிருக்கிறது, என் கோட்டின் நிறமேதான், நாவல் பழ நிறம். இந்தக் கோட்டை எடுத்தபோதே நான் யோசித்திருக்க வேண்டும். எனக்கு எதற்கு இவ்வளவு பளிச்சென்று, கறுப்பு போதாதா என்றால், ஃபோட்டோல நல்லா இருக்கும்மா என்றாள். தலைக்கு மை அடித்துவிட்டாள், அதுவும் ஃபோட்டோவுக்காம். அம்மா நரைத்த தலையோடு நின்றால் சம்பந்தி வீட்டார் முன்னால் அவளுக்கு மரியாதைக் குறைச்சல், அதை வாய்விட்டுச் சொல்லாமல் ஃபோட்டோ ஃபோட்டோ என்கிறாள்.

ஆமாம், சம்பந்தி வீட்டார்தான். எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவள் என்றால் எதுவும் புரியாது என்று நினைத்துக்கொள்கிறார்கள். தாலுகா ஆபீஸ் எதிரில் இத்தனை வருஷமாக ஊரார் காகிதத்தையெல்லாம் கண்ணாடியில் கவிழ்த்துப் போட்டு எடுத்துக் கொடுக்கிறவள் நான். வாயால் ஒன்று சொல்வார்கள், காகிதத்தில் வேறு இருக்கும். கல்யாணம் ஆகாதவன் என்பான், ரேஷன் கார்டில் இரண்டு பிள்ளைகள் நிற்கும். அதனால் என்னிடம் வந்து, ஆபீஸ் ஃப்ரெண்டும்மா, அவங்க அம்மாவும் ஊர்லேருந்து வந்திருக்காங்க, ரெண்டு குடும்பமும் சேர்ந்து கிறிஸ்துமஸ் லீவுல பிராக், வியன்னா, புடாபெஸ்ட்னு சுத்திட்டு வரலாம், செம ஜாலியா இருக்கும் என்று இலக்கியா சொன்ன அன்றைக்கே நான் முடிவு கட்டிவிட்டேன். எங்கள் பக்கம் பெண்ணைக் கோயிலில் வைத்துப் பார்ப்பார்கள், தற்செயலாகச் சந்தித்த மாதிரி, பிரகாரத்தில் எதிரெதிரே வந்த மாதிரி. பிடிக்கவில்லையென்றால் யாருக்கும் தலைக்குனிவு இல்லை, சாமி கும்பிட வந்தோம், போனோம். சிலர் ஜவுளிக்கடையில் வைத்துப் பார்ப்பார்கள். இவர்கள் வசதியானவர்கள், ஐரோப்பாவில் வைத்துப் பார்க்கிறார்கள், அவ்வளவுதான் வித்தியாசம். பெண்ணைக் கொடுக்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. என்னிடம் கேட்டிருக்க வேண்டும். என் மகளை என் கண்ணெதிரில் வைத்து எனக்கே தெரியாமல் பார்த்து முடித்துவிட்டு, கடைசியில் என்னைக் கூப்பிட்டு, எல்லாம் முடிவாயிடுச்சு, கத்தாதீங்க என்பார்கள். பிறகு அவள் திண்டுக்கல்லுக்கு வருவது இவர்கள் லீவு கொடுத்தால்தான். கிண்டல் பஞ்சு. காய்ச்சிய சர்க்கரையும் பட்டையும் கலந்து ஒரு வாசனை வருகிறது, நடுவே எங்கிருந்தோ பொசுங்கிய இறைச்சி, ஆனால் குளிரில் மூக்கு இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. எதிரே அவர்கள் முனிசிபாலிட்டிக் கட்டிடமாம், கோபுரம் கோபுரமாக விளக்குப் போட்டு நிற்கிறது, நம் ஊரில் முனிசிபாலிட்டிக்குள் பிறப்புச் சான்றிதழ் வாங்கப் போகிறவன் மூக்கைப் பொத்திக்கொண்டு போவான், இங்கே ஃபோட்டோ எடுக்கிறார்கள்.

கௌதமின் அம்மா மரகதம் அக்கா, திருச்சிக்காரி, நல்ல வாய். பிராகிலிருந்து வரும் ரயிலில் எதிரெதிர் இருக்கை, நான் இலக்கியா பக்கத்தில் உட்காரப் போனால், "அம்மா, நீ ஜன்னல் பக்கம் போ, பனி தெரியும்" என்று என்னைத் தள்ளிக் கொண்டுபோய் அந்த மனிதருக்கு எதிரே உட்கார வைத்தாள். அந்த மனிதர் என்றால் மரகதம் அக்காவின் தம்பி, தணிகாசலம், பக்கத்தில் லின்ஸ் என்று ஒரு ஊரில் ரயில்வேயில் சிக்னல் வேலை, ரொம்ப வருஷமாக இங்கேயே இருக்கிறார், மனைவி இல்லை. இறந்துவிட்டாள் என்கிறார்கள், போனாளா ஓடினாளா யார் கண்டது. பெண்ணையும் பையனையும் பேசவிடுவதற்காக என்னை ஓரங்கட்டுகிறார்கள், எனக்குத் துணைக்கு வாயைத் திறக்காத இந்த ஊமையை வைத்திருக்கிறார்கள் என்று புரிந்தது. பனி தெரிந்தது. பனியில் என்ன இருக்கிறது, வழி முழுக்கப் பனி. அவர் ஒரு வாழைப்பழத்தை உரித்து, பாதியை ஒடித்துக் காகிதத் துணியில் வைத்து என் பக்கம் நகர்த்தினார். நான் வேண்டாம் என்றேன். அதை அங்கேயே வைத்திருந்தார், வியன்னா வரும்வரை, பழம் கறுக்கும்வரை. அந்தப் பையனோ எந்நேரமும் ஃபோனும் கையுமாக, இடைகழியில் போய் நின்று சிரித்துச் சிரித்துப் பேசுகிறான், இங்கிலீஷில், குரலைத் தணித்து. இலக்கியா அவனை வாடா போடா என்கிறாள், அவன் இவளைப் போடி லூசு என்கிறான். கட்டிக்கொள்ளப் போகிறவனை யாராவது டா போடுவார்களா, இந்தக் காலத்தில் போடுவார்கள். ஆனால் அந்த ஃபோனில் யார். இங்கே ஒருத்தியைப் பேசி முடித்துவிட்டு அங்கே ஒருத்தியிடம் சிரிக்கிறான், இதையும் நான்தான் கண்டுபிடிக்க வேண்டும், இந்தப் பெண்ணுக்குக் கண் இல்லை.

அதையெல்லாம்விட என் மண்டையைக் குடைவது பிராகில் நடந்தது. பாலத்தின் மேல் சிலைகளைப் பார்த்துக்கொண்டே வரும்போது மரகதம் அக்கா மெல்ல என் கையைக் கோத்துக்கொண்டாள். "சமையல் எல்லாம் வீட்டுலேயேவா ஜெயக்கொடி?" என்றாள். நான் விடவில்லை, "இலக்கியாவுக்கு வெந்நீர்கூட வைக்கத் தெரியாதுக்கா" என்றேன். முகம் சுருங்கும் என்று பார்த்தால், "அவள விடுங்க, உங்களுக்குத் தெரியுமே" என்று சிரிக்கிறாள். மாமியாரே மருமகளுக்குச் சமைக்க ஆள் தேடுகிறாளா, என்னையும் சேர்த்துக் கூட்டிப்போய் அடுப்படியில் போடுவதாக உத்தேசமா. அடுத்து வந்தது நட்சத்திரம். "உங்க நட்சத்திரம் என்னம்மா?" உங்க என்றால் உங்கள் வீட்டு என்றுதானே அர்த்தம், எங்கள் பக்கம் பெண் வீட்டாரிடம் அப்படித்தான் கேட்பார்கள், பெண் பேரைச் சொல்லிக் கேட்டால் பட்டென்று உடைத்த மாதிரி இருக்கும் என்று. எனக்குள் ஒரு பிசாசு புகுந்துகொண்டது. இலக்கியா சுவாதி. நான் "மூலம்" என்றேன். மூலத்தில் பிறந்த பெண் மாமனாருக்கு ஆகாது என்று ஜாதகக் கட்டைக்கூடத் திறக்காமல் எத்தனை வீட்டார் எழுந்து போயிருக்கிறார்கள், என் கடையிலேயே ஜாதகத்தை ஜெராக்ஸ் எடுக்க வந்து அழுத தாய்மார்களைப் பார்த்திருக்கிறேன். சாமி, மன்னிச்சுக்கோ, என் பிள்ளையின் நட்சத்திரத்தை மாற்றிச் சொன்னேன். இதோடு விட்டுவிடுவாள் என்று பார்த்தால் மரகதம் அக்கா ஒரு நிமிஷம் நின்றாள், சிலையைப் பார்த்தாள், பிறகு நிதானமாகச் சொன்னாள், "அதனால என்ன, மாமனார்தான் இல்லையே." மாமனார் இல்லையாமே! கௌதமின் அப்பா திருச்சியில் முட்டி ஆபரேஷன் செய்துகொண்டு கட்டிலில் உட்கார்ந்திருக்கிறார், அதனால்தான் பயணம் வரவில்லை, தினமும் வீடியோவில் வருகிறார், இன்று காலைகூட இட்லியைப் பிட்டு ஃபோனுக்குள் காட்டி, உங்களுக்கெல்லாம் அங்க ரொட்டிதான என்று கேலி செய்தார். உயிரோடு இருக்கிற புருஷனை இல்லை என்று சொல்ல ஒரு பெண்ணுக்கு நாக்கு எப்படிப் புரளும். அன்றிலிருந்து சுற்றிச் சுற்றி அங்கேயே வந்து நிற்கிறேன். ஒன்று, அவள் புருஷனை மனதிலிருந்து எடுத்துவிட்டாள். இல்லையென்றால் அவர் கௌதமின் சொந்த அப்பா இல்லை. மூக்குகூட வேறு மாதிரிதான் இருக்கிறது. இந்தக் குடும்பத்தில் என்னமோ இருக்கிறது, என்னமோ பெரிதாக இருக்கிறது, அதற்குள் என் மகளைத் தள்ளப் பார்க்கிறார்கள்.

நாய்க்காரி நகர்ந்தாள், நானும் நகர்ந்தேன். தரையில் பனி உருகி, மறுபடி உறைந்து, அரைத்த மாவில் கரி கொட்டின மாதிரி கிடக்கிறது. நேற்று இப்படித்தான் ஓட்டல் படியிறங்கும்போது கால் வழுக்கியது. எல்லோரும் ஐயோ என்றார்களே ஒழிய யாரும் எட்டிப் பிடிக்கவில்லை, அந்த ஊமைதான் பக்கத்தில் இருந்தார், கையை நீட்டுவார் என்று நினைத்து நான் கையை இழுத்துக்கொண்டேன். அவர் கையை நீட்டவில்லை. குடையைத் திருப்பி, முனையைத் தான் பிடித்துக்கொண்டு கைப்பிடியை என் பக்கம் நீட்டினார். குடையைப் பிடித்தபடி இறங்கினேன், இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு முழுக் குடை நீளம். கெட்டிக்கார மனிதர் என்று நினைத்தேன். கெட்டிக்காரர்களிடம்தான் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். கிண்டர், கிண்டர் என்ன, கிண்டல் பஞ்சு, சரி. இன்றைக்கும் பெஞ்சில் எல்லோரும் வட்டமாக உட்கார்ந்ததும் இலக்கியா எழுந்து, "நான் போய் எல்லாருக்கும் சூடா குடிக்க வாங்கிட்டு வரேன்" என்றாள். மரகதம் அக்கா, "அஞ்சையும் எப்படிம்மா தூக்குவ?" என்று கேட்டாள். "தட்டு குடுப்பாங்க ஆன்ட்டி" என்றாள் இவள். தட்டு. எனக்கு உச்சந்தலையில் சுரீர் என்றது. ஓஹோ, இன்னிக்குத்தான் என்றது இதுதானா. வரிசையாக உட்கார்ந்திருக்கிற குடும்பம், தட்டைத் தூக்கிக்கொண்டு நடந்து வருகிற பெண், யார் முன்னால் முதலில் நீட்டுகிறாள் என்று பார்க்கிற மாமியார். கோலம்தான் போடவில்லை. "நீ உக்காரு, நான் போறேன்" என்று நான் சட்டென்று எழுந்துவிட்டேன். "உனக்கு பாஷை தெரியாதும்மா." "வாய் இருக்குல்ல? அந்தப் பேரைச் சொல்லு, நான் கேட்டு வாங்கிக்கிறேன்." இலக்கியாவும் கௌதமும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்தப் பார்வையும் எனக்குத் தப்பவில்லை. மரகதம் அக்கா வாயைச் சால்வையால் மூடிக்கொண்டு, "போகட்டும், அம்மாவே போகட்டும், அதுதான் முறை" என்றாள். எது முறை. என்ன முறை. தட்டை என் மகள் தூக்கப் போவதில்லை, அவ்வளவு போதும்.

நான் தூக்கியிருக்கிறேன் தட்டு. பக்கத்து வீட்டில் இரவல் வாங்கிய தட்டு, நடுவில் இரண்டு கிளி, ஒரு கிளிக்கு மூக்கு உதிர்ந்து போயிருந்தது. அந்தக் கிளியையே பார்த்துக்கொண்டு நடந்தேன். நிமிரக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள், நிமிர்ந்தால் கொழுப்பு. தட்டை நீட்டினேன், டம்ளரை ஒரு கை எடுத்தது, மணிக்கட்டில் கடிகாரம், கீழே இரண்டு பாதம், இரண்டாவது விரல் கட்டைவிரலைவிட நீளம். அவ்வளவுதான் நான் பார்த்த மாப்பிள்ளை. ஒரு மடக்குக் குடித்துவிட்டு இருமினார். கொஞ்சம் நீளமான இருமல், அடியிலிருந்து வருகிற இருமல், உள்ளே யாரோ பழைய பெட்டியை இழுக்கிற மாதிரி. உடனே அவருடைய அம்மா, "காபி சூடு" என்றார். "ஆமா, காபி சூடு" என்றார் எங்கள் பெரியப்பா. என் அம்மாகூட உள்ளேயிருந்து, "கொஞ்சம் ஆத்திக் குடுத்திருக்கலாம்" என்று சொன்னாள். ஆற்றித்தான் கொடுத்தேன். நான்தானே ஆற்றினேன், எனக்குத் தெரியாதா, அந்தக் காபி சூடாகவே இல்லை. நிமிர்ந்து, இது காபி இல்லை, இது நெஞ்சு என்று சொல்ல என்னால் முடியவில்லை, பதினேழு வயதில் யார் சொல்வார்கள். நல்ல மனிதர்தான், ஒரு நாள் கைநீட்டியதில்லை, கடையை எனக்கு ஒவ்வொரு பட்டனாகச் சொல்லிக் கொடுத்தவர் அவர்தான். ஆனால் குளிர்காலம் வந்தால் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடிதான் தூங்குவார், இலக்கியா ஒன்பதாவது படிக்கும்போது அப்படி உட்கார்ந்தபடியே போனார். கல்யாணத்துக்கு முன்னாலேயே இருந்த இளைப்பு, பிறகு அவரே சொன்னார், சொல்லக் கூடாதுன்னு அம்மா சத்தியம் வாங்கியிருந்தாங்க ஜெயா. அன்றிலிருந்து யார் எதைச் சொன்னாலும், காபி சூடு, காபி சூடு என்றுதான் என் காதில் விழுகிறது. இப்போது என் மகளைச் சுற்றி மூன்று பேர் உட்கார்ந்துகொண்டு காபி சூடு என்கிறார்கள்.

கடைக்காரப் பெண் என்னைப் பார்த்து ஏதோ கேட்டாள். இத்தனை நேரம் உருட்டிய நிஜப் பேர் மறந்துவிட்டது. "கிண்டல் பஞ்சு" என்றேன், ஐந்து விரலைக் காட்டினேன். அவள் சிரிக்கவில்லை, புரிந்துகொண்டாள். இலக்கியா கொடுத்த கார்டை அந்த மிஷினில் தொட்டேன், கீச் என்றது. பிறகு பார்த்தால் கோப்பை கோப்பையாகவே இல்லை, செருப்பு மாதிரி, குட்டி பூட்ஸ் மாதிரி பீங்கானில் செய்து அதற்குள் சிவப்பாக ஊற்றியிருக்கிறாள். செருப்பில் ஊற்றிக் கொடுத்தால் நம் ஊரில் வெட்டுக்குத்து ஆகும். ஐந்து பூட்ஸ், ஒரு மரத் தட்டு. தட்டைத் தூக்கினேன், ஆவி முகத்தில் அடித்தது, கண்ணாடி மூடிக்கொண்டது, இரண்டு கையும் தட்டில் இருக்கத் துடைத்துக்கொள்ள வழியில்லை. தரை வழுக்குகிறது. தலையைக் குனிந்து என் காலையே பார்த்து, அடிமேல் அடி வைத்து நடந்தேன். சால்வை நழுவி இடது தோளில் நின்றது. கூட்டம் விலகி வழிவிட்டது. யாரோ சிறுவன் என் பொட்டைப் பார்த்து அவன் அம்மாவிடம் காட்டினான். எங்கள் பெஞ்சு கிட்டே வரும்போது கண்ணாடி தெளிந்தது, பார்த்தேன். கௌதம் எழுந்து ஓரமாகத் தள்ளி உட்கார்ந்தான், நடுவில் இடம் காலியானது. மரகதம் அக்கா அந்த இடத்தைக் கையுறையால் துடைத்தாள். இலக்கியா ஃபோனைத் தூக்கிப் பிடித்திருந்தாள், ஆனால் அவள் கண் ஃபோனில் இல்லை, ஃபோட்டோ எடுக்கிறவள் எதற்கு என் முகத்தையே பார்க்க வேண்டும். அந்த மனிதர், தணிகாசலம், குல்லாயைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, இருக்கிற முடியை உள்ளங்கையால் படிய நீவினார். இந்தக் குளிரில் எவனாவது குல்லாயைக் கழற்றுவானா. என்னைப் பார்த்தார். உடனே கண்ணைத் தாழ்த்திக்கொண்டார்.

மாமனார்தான் இல்லையே. முந்தாநாள் மரகதம் அக்கா ஃபோனில் ஒரு படம் காட்டினாளே, மாலை போட்ட படம், எங்கப்பா, தம்பி கல்யாணத்துக்கு அப்புறம் ரொம்ப நாள் இருக்கல என்று. எங்கப்பா. அவளுடைய அப்பா. தம்பியின் அப்பா. அவள் புருஷனை யாரும் சாகடிக்கவில்லை. உங்க நட்சத்திரம் என்று அவள் கேட்டது என் நட்சத்திரத்தைத்தான். நான் பூரம். என் தலையில் நானே மூலத்தைத் தூக்கி வைத்துக்கொண்டேன். ஜன்னல் பக்கம், வாழைப்பழம், தலைக்கு அடித்த மை, நாவல் பழக் கோட்டு, உங்களுக்குத் தெரியுமே, அதுதான் முறை. எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து தட்டில் உட்கார்ந்தது, தட்டு கனத்தது, பூட்ஸ்கள் ஒன்றோடொன்று இடித்து டிங் என்றன. இரண்டாவது தடவையாக என்னிடம் யாரும் கேட்கவில்லை. அன்றைக்கு அம்மா, இன்றைக்கு மகள். அழுகை வந்ததா சிரிப்பு வந்ததா என்று எனக்கே தெரியவில்லை, கத்தத்தான் வாய் திறந்தேன், கத்துவாங்க என்று இவள் சொன்னது ஞாபகம் வந்ததும் வாயை மூடிக்கொண்டேன். "அம்மா, நான் சொல்லலாம்னுதான்…" என்றாள் இலக்கியா. "நீ பேசாத." "நான் அப்பவே சொன்னேன்ல" என்று கௌதம் அவளிடம் முணுமுணுத்தான். "நீயும் பேசாத. அந்த ஃபோன்ல யாரு?" "என் ஃபியான்சே ஆன்ட்டி" என்றான் பரிதாபமாக. சரி, அதுவும் ஒன்று தீர்ந்தது. மரகதம் அக்கா காலி இடத்தைத் தட்டிக் காட்டினாள், "உக்காரும்மா, முதல்ல எல்லாருக்கும் குடுத்துட்டு உக்காரு." எல்லாருக்கும் கொடுத்துவிட்டு. நான் நேரே அவர் முன்னால் போய் நின்றேன். அவர் கை மெல்ல ஒரு பூட்ஸை எடுக்க வந்தது. "இதைக் கொஞ்சம் பிடிங்க" என்றேன். "எதை?" "தட்டை." எழுந்து நின்று இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். அவர் எழுந்த இடத்தில், அவர் சூட்டிலேயே நான் உட்கார்ந்தேன். சால்வையைச் சரிசெய்தேன், கண்ணாடியைக் கழற்றி நன்றாகத் துடைத்துப் போட்டுக்கொண்டேன். அவர் தட்டை எங்கே வைப்பதென்று தெரியாமல் எங்கள் எல்லோருக்கும் முன்னால் நின்றுகொண்டிருந்தார், தலை குனிந்து. அன்றைக்கு நான் பாதத்தோடு நின்றுவிட்டேன், இன்றைக்கு அங்கிருந்து ஆரம்பித்தேன். பழைய ஷூ, புதிதாகப் பாலிஷ் போட்டது, லேஸ் இரட்டை முடிச்சு. கால்சட்டை ஓரத்தில் பனி. கோட்டில் ஒரு பட்டன் வேறு நூலில் தைத்தது, அவரே தைத்திருப்பார், ஆண் தையல். கழுத்தில் மப்ளர், சவரம் செய்யும்போது தாடையோரம் வெட்டிக்கொண்ட சின்னக் கீறல், இன்று காலைதான். காது குளிரில் சிவந்திருந்தது. அவசரமே இல்லாமல் பார்த்தேன். ஐந்து பூட்ஸிலிருந்தும் ஆவி எழுந்து அவர் முகத்துக்குப் போனது. முகத்தைத் திருப்பிக்கொண்டு ஒரு தடவை இருமினார்.

"ஒண்ணுமில்ல, ஆவி" என்றாள் மரகதம் அக்கா அவசரமாக. "சூடு."

"அக்கா, நீங்க இருங்க" என்றேன். "அவரே சொல்லட்டும்."